மாப்பிள்ளைப் பேனா

சித்திரை மாதத்தில் அந்த ஊருக்குள் வருகிறவர்களை முதலில் எதிர்கொள்வது முந்திரிப்பழ வாடைதான். கீழப்பழுவூரிலிருந்து ஏலாக்குறிச்சிக்குப் போகிற வண்டித்தடத்தில், செம்மண் மேட்டின் மேல் இருந்தது ஊர். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே வீசிவிடுவார்கள். ஆடு மாடு தின்றது போக மிச்சம் வெயிலில் புளித்து, ஈ மொய்த்து, மண்ணோடு மண்ணாகும். அந்த வாடை சேலையில் ஏறிவிட்டால் எத்தனை முறை வெளுத்தாலும் இலேசில் போகாது.

தங்கராசுக்கு மேட்டில் ஒரு முந்திரித் தோப்பும் பள்ளத்தில் கடலைக் கொல்லையும் இருந்தன. வீட்டில் அவனும் மனைவி அம்மாக்கண்ணுவும் இரண்டு தங்கச்சிகளும். பெரியவள் பூங்காவனம் புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சின்னவள் மலர்க்கொடிக்கு இப்போதுதான் இடம் கூடி வந்திருந்தது. வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போயும், துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் அரியலூரில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிற வைரக்கண்ணு மாப்பிள்ளையாக அமைந்தது தங்கராசுக்குப் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அரியலூரை அடுத்த கிராமத்தில் நன்செய் நிலமும் மாடி வீடும் வைத்துக்கொண்டு, அம்மா சுந்தராம்பாள்தான் எல்லாவற்றையும் கட்டி ஆண்டுகொண்டிருந்தாள்.

நகை, பாத்திரம், துணிமணி எல்லாம் பேசி முடிந்து தாம்பூலமும் மாற்றியாயிற்று. வண்டியில் ஏறப் போன தரகர் அங்கமுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார். மாப்பிள்ளை ஒரே ஒரு ஆசை சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

"ஒரு பேனா கேக்குறாப்ல தங்கராசு. மையி ஊத்தி எழுதுற பேனா. ஒடம்பு ஒல்லியா இருக்கணுமாம். நிப்பு மட்டும் பட்டையா, தங்கத்துல இருக்கணுமாம்."

பேனாதானே என்று தங்கராசு சிரித்துவிட்டான். அடுத்த சந்தைக்கு அரியலூர் போனபோது, இருப்பதிலேயே பெரியதாகவும் பளபளப்பாகவும் ஒன்றைப் பார்த்து வாங்கிக் கொடுத்தனுப்பினான். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. உலக்கை மாதிரி இருக்கிறதென்றும், எழுதினால் கோழி கிளறினது மாதிரி இருக்கிறதென்றும் மாப்பிள்ளை சொன்னாராம். அவருடைய மேலதிகாரியிடம் ஒரு பேனா இருக்கிறதாம். சட்டைப்பையில் இருப்பதே தெரியாதாம். ஆனால் கையெழுத்துப் போட்டால் எட்ட நிற்கிறவன் படிக்கலாமாம். அந்த மாதிரி வேண்டும் என்றார் அங்கமுத்து.

தங்கராசுக்கு முகம் செத்துவிட்டது. காளையின் பல்லைப் பார்த்து வயசு சொல்லுவான். கடலைச் செடியின் இலையைப் பார்த்து வேரில் காய் இறங்கிவிட்டதா என்று சொல்லுவான். இந்தக் கறுப்புக் குச்சியில் எது ஒல்லி, எது பட்டை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்த பேனாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

மலர்க்கொடிதான் அதைச் சொன்னாள். கொல்லைப்புறம் முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"அக்காவ அழைச்சிட்டுப் போண்ணே. மாமாகிட்ட இருந்துச்சில்ல அந்த மாதிரிப் பேனா? அக்காவுக்குத் தெரியாததா?"

அம்மாக்கண்ணு உடனே வேண்டாம் என்றாள். அவளுக்குப் பூங்காவனத்தின் மேல் வஞ்சகம் கிடையாது. தட்டில் சோறு போடும்போது குறைத்துப் போட்டதில்லை. ஆனால் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற முதல் பொருளைத் தாலியறுத்தவள் கையால் வாங்குவதா என்றாள். மலர்க்கொடி அதைக் கேட்கிற நிலையில் இல்லை. மாசித் தேர் இழுத்த அன்றைக்குக் கூட்டத்தில் அந்த மாப்பிள்ளையை அவள் ஒரே ஒரு தரம் பார்த்திருந்தாள். அதிலிருந்து அவளுக்குப் பழையது குடிக்கும்போதும் கொட்டை பொறுக்கும்போதும் அவன் ஞாபகம்தான். ஒரு பேனாவால் இது தட்டிப்போகக் கூடாது என்று அழுதாள். கடைசியில், முந்திரி எண்ணெய் பட்டு வெந்துபோன பூங்காவனத்தின் விரல்களைத் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் போவதாக ஊரில் சொல்லிக்கொண்டு, அண்ணனும் தங்கையும் விடிவதற்கு முன்பே வண்டி கட்டினார்கள்.

ஆஸ்பத்திரி என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வறுத்த கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் பீறிட்டு விரலில் பட்டால் தோல் கறுத்துச் சுருண்டு உரிந்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் பங்குனி தொடங்கி வைகாசி முடிகிறவரை பூங்காவனத்தின் பத்து விரலும் கரிக்கட்டையாகத்தான் இருக்கும்.

அவள் புருஷன் வேணுகோபால் கீழப்பழுவூரில் வாத்தியாராக இருந்தவன். ஏலாக்குறிச்சியில் ஐந்தாவதோடு நின்றிருந்தவளைத் தானே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து, எட்டாவது பரீட்சை எழுத வைத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் நீட்டுவான். அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு அவள் எழுத உட்காருவாள். பட்டை நிப்பு. அதைச் சாய்த்துப் பிடித்தால் மேலிருந்து கீழே வருகிற கோடு தடித்தும், பக்கவாட்டில் போகிற கோடு மெலிந்தும் விழும். எழுத்துக்கு நெஞ்சும் இடுப்பும் வந்துவிட்டது பார் என்பான். யுத்த காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஊசி மருந்துக்காக அந்தப் பேனாவும் போயிற்று, அவனும் போய்விட்டான்.

இந்த வருஷம் மாசியில் கீழப்பழுவூர்ப் பக்கம் வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரம்மா புஷ்பவல்லி, வேணுகோபாலைத் தெரிந்தவள் என்பதால் பூங்காவனத்தைக் கூப்பிட்டனுப்பிப் பார்த்தாள். அங்கே பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரம்மா கிடைப்பதில்லை. ட்ரெயினிங்கைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், பள்ளிக்கூடம் திறந்த பிறகு நானே வந்து பேசுகிறேன், தயாராக இரு என்று சொல்லியிருந்தாள். தங்கராசும் கல்யாணம் முடியட்டும், பார்ப்போம் என்றிருந்தான். பூங்காவனம் அந்த வார்த்தையை யாரிடமும் இரண்டாம் தரம் எடுக்கவில்லை. ஆனால் கொட்டை உடைக்கும்போது அவள் வாய் தானாகப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பதை அம்மாக்கண்ணு பார்த்திருக்கிறாள்.

அரியலூரில் ரயிலேறி, திருச்சி டவுன் ஸ்டேஷனில் இறங்கித் தெப்பக்குளத்துப் பக்கம் நடந்தார்கள். குளத்தைச் சுற்றிக் கடைகள். பேனாக்கடை என்று பார்த்தால் இரண்டு பேர் நிற்கிற அகலம்தான். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர் ஒருவர் ஒரு பேனாவைக் கழற்றி வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தார். தங்கராசு தன் பாட்டை ஒப்பித்தான்: ஒல்லி, பட்டை, தங்கம்.

"ஒல்லிப் பேனான்னா நிப்பு ஊசியாத்தாங்க வரும்" என்றார் கடைக்காரர். "பட்டை வேணும்னா தடிப் பேனாவுக்குத்தான் போவணும். ரெண்டும் சேந்தாப்ல அமையறது அபூர்வம்."

பூங்காவனம் தெருவைப் பார்த்துக்கொண்டு ஓரமாகத்தான் நின்றிருந்தாள். "இருக்கறதக் காட்டுங்களேன், எழுதிப் பாத்துட்டுச் சொல்றோம்" என்றாள்.

அவர் அவளையும் அவள் வெறும் நெற்றியையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்து, மைப்புட்டியைத் திறந்து, காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தார். பூங்காவனம் முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தால் போகிற கறை இல்லை அது.

முதல் பேனா மை நின்று நின்று வந்தது. இரண்டாவது நன்றாக எழுதியது, ஆனால் தடி. மூன்றாவது மெலிசாக அழகாக இருந்தது. நிப்பும் மஞ்சளாக மின்னியது. எழுதினால் விறைத்துக்கொண்டு வளைந்து கொடுக்க மாட்டேன் என்றது. அது முலாம்தான், தங்கமில்லை என்று கடைக்காரரே சொல்லி எடுத்து வைத்துவிட்டார். இப்படியே ஒவ்வொன்றாகத் தட்டு காலியாகிவிட்டது. தங்கராசு வெளியே போய் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்தான். அண்ணி சொன்னது பலித்துவிடப் போகிறதே என்று நினைத்துக்கொண்டே பூங்காவனம் காலித் தட்டைக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினாள்.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினார். ஒரு வக்கீல் சொல்லி, ஒல்லிப் பேனாவில் பட்டைத் தங்க நிப்பைத் தேடிப் பிடித்து மாட்டி வைத்ததாம். வாங்க வருவதற்குள் வக்கீல் ஊரை விட்டே மாறிப் போய்விட்டாராம். கரும்பச்சை நிறத்தில், மூங்கில் குருத்து மாதிரி இருந்தது அது. கையில் எடுத்தபோது எடையே தெரியவில்லை.

என்ன எழுதுவதென்று அவளுக்கு ஒரு கணம் தோன்றவில்லை. பிறகு 'கீழப்பழுவூர்' என்று எழுதினாள். காகிதத்தின் மேல் நிப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. ழகரத்தின் சுழி தடித்து இறங்கி, மெலிந்து திரும்பி, மறுபடி தடித்தது. மை ஈரம் மின்னியது. இன்னொரு தரம் எழுதினாள். அதன் கீழே இன்னொரு தரம். பேனா சூடேறி உடம்பில் ஒரு விரல் கூடினது மாதிரி ஆகிவிட்டது. எரிச்சல் எடுத்துக்கொண்டிருந்த விரல்களில் எரிச்சலே தெரியவில்லை. பக்கம் நிரம்பியதும் காகிதத்தைத் திருப்பிப் போட்டாள்.

"போதும் பூங்காவனம்" என்றான் தங்கராசு மெதுவாக. "மாப்பிள்ளைக்கு மிச்சம் வையி."

அவன் அதுவரை தன் தங்கச்சி எழுதிப் பார்த்ததில்லை. ரயில் லால்குடியைத் தாண்டியதும், அப்பா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். பெட்டியை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். அரியலூர் நெருங்கியதும், நாலு பேர் பார்ப்பார்களே என்று அண்ணனிடம் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பேனாவை எடுத்துக்கொண்டு தங்கராசு நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான், மறுபடி போட்டான். எங்கள் ஆபீஸருடையதே இதற்கு உறை போடக் காணாது என்றான். யார் பார்த்து வாங்கினது, உங்களுக்கு இவ்வளவு நயம் தெரியுமா என்று கேட்டான். சம்பந்தி வீட்டில் முதன்முதலாகத் தனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததில் தங்கராசுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்க பெரிய தங்கச்சிதான் எழுதிப் பார்த்து எடுத்தது, எட்டாவது பாஸ் பண்ணினது என்று சொல்லிவிட்டான்.

சுந்தராம்பாள் அப்போது மோர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாளாம். எந்தத் தங்கச்சி என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்.

மறுநாளே அங்கமுத்து வந்துவிட்டார். பந்தக்கால் நடுவதற்கு முன்னாலேயே தாலியறுத்தவள் கையை நுழைய விட்ட குடும்பத்தில் தன் மகன் கை நனைக்க மாட்டான் என்று சுந்தராம்பாள் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். மலர்க்கொடி யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் பூங்காவனத்துக்குப் பொறுக்கவில்லை. இதற்கிடையில் தங்கராசு அந்தப் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அதற்கு மாப்பிள்ளைதான் சம்மதிக்கவில்லை என்று தெரிந்தது. ஆபீஸில் எல்லோரிடமும் காட்டிவிட்டானாம். இனி இன்னொன்று இப்படி அமையாது என்கிறானாம்.

மறுபடி அங்கமுத்து வந்தபோது ஒரு வழியோடு வந்தார்.

"அந்தம்மாவுக்கும் சம்பந்தத்த முறிக்கறதுல இஷ்டமில்ல. புள்ள பேனாவ வுட மாட்டேங்குறான். அதனால, நீ ஏதோ பெருமைக்குச் சொன்னதுன்னு வச்சிக்குவோம். பேனாவ நீதான் வாங்குன, கடைக்காரன்தான் எழுதிக் காட்டுனான். ஒந்தங்கச்சி திருச்சிக்கே வரல, அதுக்கு எழுத்தே தெரியாது. அத ஒந்தங்கச்சியே ஒரு வார்த்த நேர்ல சொல்லிட்டா முடிஞ்சிச்சி."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமே நெசம்" என்றான் தங்கராசு.

"இந்த வழியச் சொன்னதே மாப்பிள்ளதான்" என்றார் அங்கமுத்து.

தங்கராசால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. கொல்லைப்புறத்தில் கிடந்த, கொட்டை வறுக்கிற தகரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பூங்காவனம் கடைசிவரை கேட்டாள். எழுதத் தெரியாது என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு ஆனியில் எப்படிப் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போவது என்று கேட்டாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கழுத்தில் தாலி ஏறிவிட்டால் யார் என்ன செய்ய முடியும் என்றான் அவன். அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவளும் நம்ப ஆசைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை சுந்தராம்பாள் மகனோடு வந்தாள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் அங்கமுத்துவும் இருந்தார்கள். வைரக்கண்ணு பாயில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூங்காவனம் உள்ளிருந்து வந்து கதவோரமாக நின்றாள்.

"ஏம்மா, ஒனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றாள் சுந்தராம்பாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"தெரியாதுங்க."

"வாத்தியாருக்கு வாக்கப்பட்டவன்னு சொல்றாங்க?"

"அவரு படிச்சவரு. நான் ஆக்கிப் போட்டுக்கிட்டு இருந்தேங்க."

"திருச்சிக்குப் போனியாமே?"

"போவலீங்க."

சுந்தராம்பாளும் சின்ன வயசிலேயே புருஷனைக் கொடுத்துவிட்டு, பங்காளிகள் நடுவில் ஒற்றை ஆளாக நின்று நிலத்தைக் காப்பாற்றினவள். பொய்யை முகர்ந்து பார்த்துச் சொல்லக்கூடியவள்.

"எங்கே, ஒங்கையக் காட்டு."

பூங்காவனம் இரண்டு கையையும் நீட்டினாள். நுனி முழுக்கக் கறுத்து, தோல் உரிந்து, நகத்தைச் சுற்றிப் பிளந்திருந்த விரல்கள். சுந்தராம்பாள் அவற்றைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கையா பேனா புடிச்சி எழுதியிருக்கப் போவுது" என்றாள், சபையைப் பார்த்து. ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் சிரித்தார். மாப்பிள்ளையும் கூரையிலிருந்து கண்ணை இறக்கிச் சிரித்தான்.

பூங்காவனம் கையை உடனே மடக்கிக்கொள்ளவில்லை. இவ்வளவு நேரம் பேசின பொய்களெல்லாம் அவள் வாயிலிருந்து சுலபமாக வந்துவிட்டன. அந்தச் சிரிப்புதான் உள்ளே போய்த் தைத்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் மேளம் கொட்டும்போது அவள் கொல்லைப்புறக் கொட்டகையில் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். தாலி கட்டி முடிந்து மலர்க்கொடி கும்பிட வரக்கூடும் என்று சேலையை உதறிக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரோ அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனி முழுக்க இன்ஸ்பெக்டரம்மா வரவில்லை. அவள் வந்தது ஆடி முதல் தேதி. அன்றைக்குப் பார்த்து வீட்டில் ஆடி விருந்து. மலர்க்கொடியை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளையும் சுந்தராம்பாளும் வந்திருந்தார்கள். ஆடிக்காற்று செம்மண் புழுதியை அள்ளி அள்ளி வீட்டுக்குள் கொட்டியது. பந்தி போட்ட இலைகள் பறக்காமலிருக்க ஓரத்தில் செம்பை வைத்திருந்தார்கள். பாயசம் பரிமாறுகிற நேரத்தில் வாசலில் ஒற்றைமாட்டு வண்டி வந்து நின்றது. வேணுகோபால் வாத்தியார் சம்சாரம் வீடு இதுதானே என்று கேட்கிற குரல் உள்ளே வந்தது.

தங்கராசு பாயச வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். கொல்லைக் கதவோரம் அம்மாக்கண்ணுவுக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பூங்காவனத்துக்கு அவன் பேசினதெல்லாம் கேட்டது. பூங்காவனம் இங்கே இல்லீங்க, அதுக்கு எழுத்தும் தெரியாதுங்க, யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க என்றான். இன்ஸ்பெக்டரம்மா மாசியில் தானே நேரில் பார்த்ததாகச் சொன்னாள். அது வேற யாராச்சும் இருக்கும் என்றான். சரி, வேற ஆளைத்தான் பார்க்க வேண்டும், இந்த வாரத்துக்குள் போட்டாக வேண்டும் என்று அந்தம்மா சலித்துக்கொண்டாள். வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான்.

மலர்க்கொடி அடுக்களை வாசலில் நின்று அக்காவைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாளா, அல்லது நடுங்கினாளா என்பது பூங்காவனத்துக்குப் பிற்பாடு எவ்வளவு நினைத்துப் பார்த்தும் விளங்கவில்லை. கையிலிருந்த பாத்திரத்தை வைத்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, வீட்டின் நடுவில் நடந்து, வாசலுக்கு வந்தாள்.

"நான்தாங்க பூங்காவனம்" என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா வண்டியிலிருந்தபடி அவளையும் தங்கராசையும் மாறி மாறிப் பார்த்தாள். "எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்றாரே இவரு?"

"தெரியுங்க. எட்டாவது பாஸ் பண்ணியிருக்கேன்."

அவள் இரைந்து பேசவில்லை. ஆனால் காற்று உள்பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு அந்தம்மா போய்விட்டாள்.

சுந்தராம்பாள் சாப்பிட்ட இலையை மூடிவிட்டுக் கை கழுவினாள். வைரக்கண்ணுதான் எழுந்து நின்று ஆடினான்.

"ஏமாத்திட்டீங்களே மச்சான். சபையில நிக்க வச்சி எங்கம்மாவ ஏமாத்திட்டீங்களே."

இதைச் சொல்லச் சொன்னதே நீதானே என்று தங்கராசு கேட்டிருக்கலாம். தங்கச்சி வாழ்க்கை அவன் கையில் இருக்கிறது, எப்படிக் கேட்பான்? பூங்காவனம் கேட்டாள்.

"அப்பவே ஒங்களுக்குத் தெரியுமேங்க."

வைரக்கண்ணு அம்மாவைப் பார்த்து, பாத்தியாம்மா, எப்படிப் பேசுறா பாத்தியா என்றான். சுந்தராம்பாள் மகனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது என்று பூங்காவனத்துக்குப் பட்டது. புரிந்தாலும் அவள் தன் மகனோடுதான் வண்டியில் ஏறினாள். மலர்க்கொடியை ஏறச் சொல்லவில்லை. அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டிக்காரன் கையை எடும்மா என்று நயந்து சொல்லி, மாட்டை ஓட்டினான்.

பெண்ணை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேனா மட்டும் மாப்பிள்ளையின் சட்டைப்பையிலேயே போயிற்று.

திங்கட்கிழமை காலையில் பூங்காவனம் புறப்பட்டபோது அண்ணன் தோப்புக்குப் போய்விட்டிருந்தான். அம்மாக்கண்ணு வரகுச் சோற்றில் மொச்சைக் குழம்பை விட்டுப் பிசைந்து தூக்குச் சட்டியில் வைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலர்க்கொடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னோடு வந்து கீழப்பழுவூரில் இரு, இரண்டு பேரும் ஒரு வீடு பிடித்துக்கொள்ளலாம் என்று பூங்காவனம் கூப்பிட்டாள்.

"நீ அன்னிக்கு உள்ளாறயே இருந்திருக்கலாம்க்கா" என்றாள் மலர்க்கொடி, திரும்பாமலே.

"இருந்திருந்தா எனக்கு அப்பறம் ஒண்ணுமில்ல, மலரு."

"இப்ப எனக்கு என்ன இருக்கு?"

பூங்காவனம் நின்று பார்த்தாள். வெயில் ஏறுவதற்குள் நடந்தாக வேண்டும். நடந்தாள்.

பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு. பிள்ளைகள் முதலில் அவளுடைய விரல்களைத்தான் பார்த்தார்கள். நாளாக ஆகப் புதுத் தோல் மூடி அது மறந்துபோயிற்று. அவள் கரும்பலகையில் எழுதினால் இன்ஸ்பெக்டரம்மாவே நின்று பார்ப்பாள். ஊரில் சொந்தக்காரர்கள் அவளை விசேஷத்துக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி குடியைக் கெடுத்துவிட்டு உத்தியோகம் தேடிக்கொண்டவள் என்று பேசிக்கொண்டார்கள். லீவு நாளில் வீட்டுக்குப் போனால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான். இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு அவளும் போவதை விட்டுவிட்டாள்.

தீபாவளி கழிந்து, ஐப்பசி மழை விட்டிருந்த சமயம் அங்கமுத்து பள்ளிக்கூடத்துக்கே தேடிக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு பேசினார். சுந்தராம்பாள் மனசு இறங்கியிருக்கிறாள். மலர்க்கொடியை அழைத்துக்கொள்ளச் சம்மதம். ஒரே ஒரு விஷயம்தான். அக்கா என்று ஒருத்தி இருப்பதாகவே அந்தப் பெண் நினைக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்குப் போக வர இருக்கக் கூடாது. வழியில் பார்த்தாலும் பேச்சு கூடாது. இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்தால் மேற்கொண்டு நடக்கும்.

"மலரு என்ன சொல்லுச்சி?" என்று கேட்டாள் பூங்காவனம்.

அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அது அப்பவே சரின்னுடுச்சிம்மா."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க. சரின்னு சொல்லிடுங்க."

அடுத்த வாரம் ஒரு நாள், முற்பகல். மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள் பூங்காவனம். தெற்கே தெருக்கோடியிலிருந்து சலங்கைச் சத்தம் வந்தது. அண்ணன் வீட்டு மாட்டின் நடை அவளுக்குத் தெரியும். அவள் ஜன்னலோரம் போய் நின்றாள்.

கூண்டு வண்டி. சேற்றில் சக்கரம் அழுந்தி மெதுவாகத்தான் வந்தது. தங்கராசு நுகத்தடிக்கு மேலே கண்ணை வைத்து, இந்தப் பக்கம் திரும்பாமல் ஓட்டினான். உள்ளே அம்மாக்கண்ணு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டினாற்போல் மலர்க்கொடி. புது நூல் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். ஜன்னலுக்கு நேராக வந்தபோது அவள் நிமிர்ந்தாள். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. மலர்க்கொடி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி அரியலூர்ப் பாதையில் ஏறி, புளிய மரங்களுக்கு நடுவில் போய் மறைந்தது.

வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"அது யாரு டீச்சர், ஒங்களயே பாத்துக்கிட்டுப் போனாங்களே?"

பூங்காவனம் ஜன்னலை விட்டு வந்தாள்.

"யாரோ ஊருக்குப் போறாங்க" என்றாள். "உக்காரு. ஏழாம் வாய்ப்பாடு, முதல்லேருந்து சொல்லு."